கோபாலசாமியைக் கொன்ற மணியன்

ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஹூஸ்டன் டவுன்டவுனில், தலையில் தொப்பியும் கையில் புளியோதரைப் பொட்டலமுமாக நின்றுகொண்டிருந்தபோது, தான் ஒரு கொலைகாரன் என்று மணியன் தெரிந்துகொண்டார். எழுபத்தைந்து வயதில் இது கொஞ்சம் அதிகம்தான். சர்க்கரை, கொழுப்பு, முழங்கால் என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது.

எல்லாம் சிவராமகிருஷ்ணனால் வந்த வினை. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருக்கும் தமிழ்ப் பெரியவர்கள் பதினொரு பேரை மாதம் ஒருமுறை வேனில் ஏற்றி எங்காவது கூட்டிப்போவது அவருடைய வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. வழக்கமாகக் கோயில், இல்லாவிட்டால் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் தெருவில் மதியச் சாப்பாடு. இந்த மாதம் 'பழைய ஹூஸ்டனின் மறைந்த பப்ளிக் ஹவுஸ்கள்: ஒரு நடைப்பயணம்' என்ற அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. சென்னையில் வீட்டு வசதி வாரியத்தில் முப்பது வருடம் இன்ஜினியராக இருந்த மனிதர். பப்ளிக் ஹவுஸ் என்றால் நம் ஹவுசிங் போர்டு குடியிருப்பு மாதிரி ஏதோ என்று நினைத்துப் பதினொரு டிக்கெட் எடுத்துவிட்டார்.

முதல் இடத்திலேயே குட்டு உடைந்தது. பப் என்பதன் முழுப்பெயர்தான் பப்ளிக் ஹவுஸ் என்று, நடத்திச் செல்ல வந்த டார்லீன் என்கிற அம்மாள் சிரித்துக்கொண்டே விளக்கினார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடித்துத் தள்ளப்பட்ட பழைய மதுக்கடைகளின் வரலாற்றைச் சேகரிக்கும் சங்கம் ஒன்றின் செயலாளர். பஜனை வகுப்புப் பெண்மணிகள் நான்கு பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் டிக்கெட் பணம் திரும்பாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் வரலாற்றில் ஆர்வம் வந்துவிட்டது.

நான்காவது இடம் ஒரு ஐந்து மாடி கார் பார்க்கிங் கட்டடம். அதன் முன்னால் வந்ததும் மணியனின் கால்கள் தாமாகவே நின்றன. பக்கத்தில் அவருடைய மனைவி ஷ்யாமளா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்பதைவிடக் கிள்ளினார் என்பதே சரி.

"இங்கேதான் 'ஸ்டாகரிங் ஹெரன்' இருந்தது," என்றார் டார்லீன். தள்ளாடும் கொக்கு என்று சிவராமகிருஷ்ணன் உடனே மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்.

கொக்கின் கதையை டார்லீன் ஓனர் ஓனராகச் சொல்லிக்கொண்டு போனார். முதல் ஓனர் ஓட்டோ என்கிற ஜெர்மன்காரர். ஒரு கால் விளங்காதவர், அதனால்தான் ஒற்றைக்காலில் நிற்கும் பறவையைப் பலகையில் வரையச் சொன்னார். அவருக்குப் பின் மனைவி. நாடு முழுக்க மதுவிலக்கு வந்த பதிமூன்று வருடமும் அந்த அம்மாள் சோடாக் கடை நடத்தினார். முன்பக்கம் சோடா. பின்பக்கம் என்ன என்று கேட்ட போலீஸ்காரர்களிடமும் சோடா என்றே சொன்னார். சோடா குடித்தவர்கள் யாரும் வீட்டுக்கு நேராக நடந்து போனதில்லை என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. பிறகு இரண்டு சகோதரர்கள். பேச்சுவார்த்தை கிடையாது. மேசைக்கு நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு ஆளுக்குப் பாதி வியாபாரம் செய்தார்கள். பிறகு ஃபோலி என்கிற ஐரிஷ்காரர். எண்பத்தாறில் எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்து ஊரே வேலையை இழந்தபோது, கடையை விற்றுவிட்டுக் கிளம்பினார்.

"வாங்கியவர் பெயர்," என்று டார்லீன் குரலைத் தாழ்த்தினார், "கோபாலசாமி."

பதினொரு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஐந்து வருடம் அமைதியாகக் கடை நடத்தினார். தொண்ணூற்றொன்றில் திடீரென்று ஆளைக் காணோம். ஊரில் எந்தப் பதிவிலும் இல்லை. சாவுச் சான்றிதழ்கூட இல்லை. அதே மாதம் லைசென்ஸில் ஒரு புதிய பெயர் வருகிறது. மணியன். கேளுங்கள், முழுப்பெயர் மணியன் கோபாலசாமி. கொன்றவன், கொல்லப்பட்டவன் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டான்!"

கோபாலசாமியின் ஆவி இன்றும் மூன்றாவது மாடியில் உலாவுவதாகவும், அங்கே நிற்கும் கார்களின் அலாரம் காரணமில்லாமல் அலறுவதாகவும் அவர் முடித்தார்.

"மணியன் சார், கேட்டீங்களா?" சிவராமகிருஷ்ணன் குதூகலத்தில் துள்ளினார். "ரெண்டும் ப்யூர் நம்ம ஊர் பேரு! கொலை பண்ணவன் உங்க பேரு!"

"ஊர்ல எவ்வளவோ மணியன்."

"உங்க இனிஷியல்கூட ஜி தானே சார்?"

"ஜி... கணபதி," என்றார் மணியன். இரண்டே விநாடியில் பெற்ற அப்பாவை மாற்றிவிட்டார்.

அந்தப் பொய்தான் அவரை வதைத்தது. கொலைகாரன் என்ற பட்டம் ஒன்றும் பெரிதாகச் சுடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எண்ணெய்க் கருவிகள் செய்யும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவராக இருந்த ஜி. மணியன், தினமும் மதியம் கொக்குக்குப் போவார். குடிக்க இல்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. மாவில் தோய்த்துப் பொரித்த வெண்டைக்காய் அங்கே பிரமாதமாக இருக்கும். வேலை போனது, ஃபோலி கடையை விற்கிறார் என்பது காதில் விழுந்தது, வெண்டைக்காய் சாப்பிட்ட தைரியத்தில் வாங்கிவிட்டார். லைசென்ஸ் அலுவலகத்தில் "ஜி என்றால் என்ன?" என்று கேட்டார்கள். கோபாலசாமி என்றார். அங்கிருந்த குமாஸ்தா முதல் பெயர் கோபாலசாமி, குடும்பப் பெயர் மணியன் என்று எழுதிவிட்டார். ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமை வாங்கும்போது மணியன் ஜாக்கிரதையாக அதை நேராக்கினார். முதல் பெயர் மணியன், கடைசிப் பெயர் கோபாலசாமி. இப்படித்தான் ஒரு ஆள் செத்து இன்னொரு ஆள் பிறந்தார்.

இனிஷியல் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்த ஒவ்வொரு தமிழனுக்கும் இந்தக் கூத்து தெரியும். ஊரில் ஒற்றை எழுத்தாக, ஒரு புள்ளிக்குப் பின்னால் சாதுவாக உட்கார்ந்திருந்த அப்பா, இங்கே வந்ததும் முழு ஆளாக எழுந்து நின்றுவிடுவார். பல் டாக்டர் அப்பாவைக் கூப்பிடுவார். கடன் அட்டைக்காரன் அப்பாவுக்கு போன் போடுவான். ஃப்ரீவேயில் நீங்கள் வேகமாகப் போனால் மிஸ்டர் அப்பாதான் அபராதம் கட்ட வேண்டும்.

மற்றவர்களுக்கு இது வேடிக்கை. மணியனுக்கு நெஞ்சில் முள். ஏனென்றால் அசல் கோபாலசாமி, சிதம்பரத்தில் ஆசிரியராக இருந்தவர், பதினேழு வயதில் கள்ளுக்கடை மறியலில் இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். ஐம்பத்தேழு வயதில், மாநிலத்தில் சாராயக் கடைகளை மறுபடி திறந்தபோது, குடையை விரித்துக்கொண்டு கடை வாசலில் மறுபடி போய் உட்கார்ந்தவர். மகன் அமெரிக்காவில் ஹோட்டல் நடத்துகிறான் என்று நம்பிக்கொண்டே தொண்ணூற்று நாலில் கண்ணை மூடினார். 'உன் ஹோட்டலில் சாம்பார் எப்படி? வெள்ளைக்காரர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்களா?' என்று கடிதம் எழுதுவார். 'வருகிறவர்கள் திருப்தியாகத்தான் போகிறார்கள் அப்பா' என்று மகன் பதில் எழுதுவார். பொய் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

இப்போது டார்லீனின் சங்கம் அந்தப் பார்க்கிங் சுவரில் ஒரு வெண்கலப் பலகை பதிக்கப் போகிறது. கொக்கின் ஓனர்கள் எல்லோருடைய பெயரும் அதில் வரும். அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தில் கமிட்டி கூடி வாசகத்தை முடிவு செய்து வார்க்க அனுப்பிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மணியன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"அப்பா பேரு, ஷ்யாமளா. சாராயக் கடை ஓனர்னு வெண்கலத்துல அடிக்கப் போறாங்க."

"யாருக்குங்க தெரியப் போகுது? பேசாம இருங்க. இப்பப் போய் நான்தான் அதுன்னு நின்னீங்கன்னா சுகர் லேண்ட் முழுக்கத் தெரியும். இத்தனை வருஷமா ஹோட்டல், ஹோட்டல்னு நான் மெயின்டெய்ன் பண்ணிட்டு வரேன். என் பஜனை க்ளாஸ் என்ன ஆகறது?"

"யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியுமே," என்றார் மணியன்.

"ஒருத்தர் செத்துட்டார், இன்னொருத்தர் கொலைகாரர். ரெண்டும் நீங்களேதான். போலீஸ் வந்தா நான் யாருக்கு சாப்பாடு எடுத்துட்டு ஓடறது?" என்றார் ஷ்யாமளா. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபி கலக்கப் போனார்.

ஐந்து நாள் மணியன் சரியாகத் தூங்கவில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது உண்மையைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. செத்த பிறகாவது அவர் பெயரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று தவித்தார். வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் குடியுரிமைச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஷ்யாமளா கார் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு?"

"ஃப்ரீவேல நீங்க எக்ஸிட்டை மிஸ் பண்ணுவீங்க," என்றார்.

நூலகத்தின் சிறிய அறையில் கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சிவராமகிருஷ்ணன். நடைப்பயணத்தில் மனம் பறிகொடுத்துச் சங்கத்தில் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டாராம்.

"அடடே, நீங்களும் ஹிஸ்டரில இன்ட்ரெஸ்ட் ஆயிட்டீங்களா!" என்று இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஷ்யாமளா மேல்கூரையைப் பார்த்து முருகா என்றார்.

கொக்கின் பலகை விவாதத்துக்கு வந்தது. மணியன் எழுந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் சொன்னார்: "என் பெயர் மணியன். நான் கோபாலசாமியைக் கொல்லவில்லை."

டார்லீன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். சிவராமகிருஷ்ணனின் பேனா கீழே விழுந்தது.

"கோபாலசாமி என்னுடைய அப்பா," என்றார் மணியன்.

"ஐயோ கடவுளே," என்றார் ஒரு கமிட்டிக்காரர். "அப்பாவையா?"

நிலைமை மோசமாவதைப் பார்த்து ஷ்யாமளா அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிடுங்கி டார்லீன் முன்னால் வைத்தார். அதன் பிறகு பத்து நிமிடம் மணியன் தமிழர்களின் இனிஷியலை விளக்கினார். குடும்பப் பெயர் என்று எங்களுக்கு ஒன்று கிடையாது, அப்பா பெயர்தான், பையனுக்கு என் பெயர், பேரனுக்குப் பையன் பெயர் என்று சொல்லச் சொல்ல, வெள்ளைப் பலகையில் டார்லீன் அம்புக்குறிகளாகப் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் எல்லா அம்பும் ஒரே ஆளிடம் வந்து நின்றன. அறை சோர்ந்துபோனது. ஒரு கொலையும் ஒரு ஆவியும் ஒரே பிற்பகலில் கைவிட்டுப் போனால் எந்தச் சங்கத்துக்குத்தான் வருத்தம் இருக்காது?

"அப்படியானால் என்ன எழுதுவது?" என்று கேட்டார் டார்லீன்.

"எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை மணியன். கோபாலசாமி என்ற பெயர் எங்கேயும் வரக் கூடாது. அவர் மதுவிலக்குக்காரர். ஜெயிலுக்குப் போனவர். தயவுசெய்து அவரை அந்தச் சுவரில் ஏற்றாதீர்கள்."

டார்லீன் தலையாட்டிவிட்டுக் காகிதத்தில் கோபாலசாமி மேல் ஒரு கோடு போட்டார்.

"கோபாலை அடிக்காதே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எண்பது வயதுக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். கொக்கின் பழைய வாடிக்கையாளர் என்று டார்லீன் தேடிப்பிடித்து அழைத்திருந்த லொரெய்ன். நகரப் பேருந்து ஓட்டியவர். மணியனுக்கு அருகில் வந்து கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"கோபால்தான். அட, கிழவனாகிவிட்டாயே!"

"லொரெய்ன்," என்றார் மணியன்.

லொரெய்ன் கமிட்டியைப் பார்த்துத் திரும்பினார். "இந்த ஆளை எனக்குத் தெரியும். எண்பத்தொன்பதில் என் புருஷன் போய்விட்டான். தினமும் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்குக் கொக்குக்கு வருவேன். ஒன்று ஊற்றுவான். இரண்டு ஊற்றுவான். மூன்றாவது கேட்டால் இவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். 'கோபால், இன்னொன்று' என்று நான் கத்துவேன். யாரோ முதுகில் தட்டிய மாதிரி திரும்பிப் பார்ப்பான். அப்புறம் ஒரு பெரிய கிளாஸில் வெள்ளையாக, புளிப்பாக, மேலே பச்சை இலை மிதக்கிற எதையோ கொண்டுவந்து வைப்பான்."

"மோர்," என்றார் மணியன்.

"எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் அதேதான். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். நான் முப்பத்தைந்து வருடமாகத் தொடுவதில்லை. அன்றைக்கு இவன்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு நிஜமாகவே கொன்றிருப்பேன்."

"கொக்குக்கு இரண்டு மதுவிலக்குக் காலம்," என்று டார்லீன் மெதுவாகச் சொன்னார். "ஒன்று அரசாங்கம் போட்டது. இன்னொன்று ஓனரே போட்டது."

"அதனால்தான் கடையை மூட வேண்டி வந்தது," என்றார் லொரெய்ன்.

"அந்த மோர் நான் கரைத்தது!" என்று எழுந்து நின்றார் ஷ்யாமளா. தினமும் காலையில் இரண்டு கேன், இஞ்சி தட்டிப்போட்டு, பதிமூன்று வருடம், ஒரு நாள் விட்டதில்லை என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொல்லிக்கொண்டு போனவர், சிவராமகிருஷ்ணன் வாயைப் பிளந்து தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு நடுவில் நிறுத்தினார். பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்பது போல, "பெருங்காயமும்," என்று சேர்த்தார்.

"ஏன் சார் சொல்லவே இல்ல?" என்று சிவராமகிருஷ்ணன் மணியனின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் உங்களை வெறும் ஹோட்டல்காரர்னு நினைச்சுட்டேனே! எவ்வளவு பெரிய ஆள் நீங்க!"

மணியன் காதில் எதுவும் விழவில்லை. அவர் மறுபடி கொக்கின் கூடத்தில், பீர் குழாய்க்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தார்.

சுவரில் மாட்டிய லைசென்ஸைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்கள், குடியுரிமை வாங்கிப் பெயரை நேராக்கிய பிறகும் கோபால் என்றே கூப்பிட்டார்கள். திருத்தியிருக்கலாம். என் பெயர் மணி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சொன்னதில்லை. பதிமூன்று வருடம், ஒரு நாளைக்கு நூறு முறை, யாராவது ஒரு குடிகாரன் அப்பாவின் பெயரைச் சொல்லி இன்னொன்று ஊற்று என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் கை குழாய்வரை போய்ப் பாதியில் நின்றது. ஊற்றியவர் மணியன். போதும் என்று நிறுத்தியவர் அவர் இல்லை. அந்தக் கையை நிறுத்தியது யார் என்று இத்தனை வருடம் அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டுப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாக மாறியது, ஷ்யாமளா புடவைத் தலைப்பை நீட்டினார்.

டார்லீன் பேனாவோடு காத்திருந்தார். "பலகையில் ஒரு வரிதான் இடம் இருக்கிறது, மிஸ்டர் மணியன். நீங்கள் சொன்னபடியே உங்கள் பெயரைப் போட்டுவிடட்டுமா?"

"வேண்டாம்," என்றார் மணியன். "கோபாலசாமி என்று போடுங்கள். எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை. கடையை நடத்தியது அவர்தான்."

"அப்படியானால் மணியன் என்பது?"

மணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவர் பையன். கடையில் கூடமாட ஒத்தாசையாக இருந்தான்."